பதினாலாயிரம் கிலோமீற்றரும் மிச்சத் தூரமும்

கொழும்பிலிருந்து ரொறொன்ரோவுக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ ஓரிடத்தில் இறங்கி, மாறி ஏறவேண்டும். மாறுமிடத்துக் காத்திருப்பையும் சேர்த்தால் இருபது முதல் இருபத்துநான்கு மணித்தியாலங்கள் பிடிக்கும். இலண்டன் என்றால் 8,700 கிலோமீற்றரளவு. நேரடியாகப் பறந்தால் பதினொரு மணித்தியாலம். வெளிநாட்டில் எனக்கென்று யாரும் இல்லை. ஆனாலும் இந்த எண்கள் எனக்குப் பாடம். கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, அக்கராயனை அண்டிய ஸ்கந்தபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரோடு இவற்றை வைத்து நான் பதினைந்து வருடமாக வழக்காடி வருகிறேன்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் எனக்குப் படிப்பித்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது நானும் போனேன். வடமாகாணம் முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபத்தையாயிரம் பேரளவில், புத்தளத்தில் போய் ஒதுங்கியவர்களோடு எங்கள் குடும்பமும் ஒதுங்கியது. மாஸ்டரின் முறை ஐந்து வருடம் கழித்து வந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அவரும் மனைவியும் தென்மராட்சிக்கும் பிறகு கிளிநொச்சிக்கும் வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போக, அங்கிருந்து ஸ்கந்தபுரம். தறப்பாள் கொட்டில்களால் அந்தக் குடியேற்றக் கிராமம் நிரம்பியிருந்த காலம் அது. மற்றவர்கள் பிறகு வேறிடம் போனார்கள். அவர் ஒரு துண்டுக் காணி வாங்கி அங்கேயே இருந்துவிட்டார். 2008இல் மறுபடி ஓடி, முகாமில் இருந்து, 2010இல் திரும்பி வந்து, சுவர் மட்டும் மிஞ்சியிருந்த வீட்டுக்குத் தகரம் போட்டார். அந்த வருடம்தான் நான் அவரைத் தேடிப் போனேன். வழக்கும் அன்றைக்கே தொடங்கிற்று.

வழக்கு இதுதான். இரண்டு ஊர்களுக்கிடையே பிரயாண நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அது யார் வைத்தது? அதைக் கூட்டுகிறவன் அந்த நேரத்துக்குரியவனிடமிருந்து எதையாவது எடுக்கிறானா? எடுக்கிறான் என்றால், அது கடனா?

தூரத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் பூகோள உருண்டையில் நூல் பிடித்துக் காட்டியவரே அவர்தான். தட்டையான படத்தில் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் கோடு போட்டால் அது அரபிக் கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் வடக்கே ஏறும். இந்தியா, மத்திய ஆசியா, சைபீரியா கடந்து ஆர்க்டிக் ஓரமாகக் கனடாவுக்குள் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. இந்தத் தூரத்தை யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பூமியின் பருமன் அப்படி.

நேரம் வேறு சாதி. அதிலும் ஒரு பங்கு இயற்கையினுடையதுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றோட்டத்தை எதிர்த்துப் பறப்பதால் கொழும்பிலிருந்து இலண்டன் போகும் விமானத்துக்குத் திரும்பி வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பதினொரு மணித்தியாலத்தில் காற்று பறித்துக்கொள்வது அவ்வளவுதான், முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. காற்றின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

ஆனால் 2022இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியபின் ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு அதுவரை ஒன்பதரை மணித்தியாலத்தில் போனவர்கள், வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணித்தியாலம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. மூன்றரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது? ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படையெடுத்ததிலிருந்தும், அதற்கு எதிராக விதிக்கப்பட்ட தடையிலிருந்தும், தடைக்கு எதிரான தடையிலிருந்தும் வந்தது. அதைக் கணக்கிட்டார்கள். எண்ணெய்ச் செலவு எவ்வளவு, விமானிகளின் வேலை நேரம் எவ்வளவு, டிக்கட் விலை எவ்வளவு ஏறவேண்டும் என்றெல்லாம் பத்திரிகைகளில் படித்தேன். படித்துவிட்டு மாஸ்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “சேர், பணக்காரரின் மூன்றரை மணித்தியாலத்துக்குக் கணக்கு இருக்கிறது, பார்த்தீர்களா?” அவர் சிரித்தார். “எங்கட மணித்தியாலத்துக்கு ஆர் தம்பி ரசீது எழுதினது?” என்றார்.

இனி மாஸ்டரின் மகனுடைய கதையைச் சொல்லவேண்டும். வழக்கின் சான்றுப் பொருள் அது.

2007இல் மாஸ்டரின் மனைவிக்கு நோய் முற்றியது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலை மூடப்பட்டு ஏ9 பாதை அறுந்துபோயிருந்தது. தெற்கே ஓமந்தை வழி ஒன்றுதான் வன்னிக்கு. அதுவும் திறந்திருக்கும் நாளும் நேரமும் நிச்சயமில்லாதது. மகன் ரொறொன்ரோவிலிருந்து புறப்பட்டு இருபத்திரண்டு மணித்தியாலத்தில் கட்டுநாயக்காவில் இறங்கினான். பதினாலாயிரம் கிலோமீற்றர் முடிந்தது. மிச்சம், கொழும்பிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு நேர்கோட்டில் முந்நூறு கிலோமீற்றருக்கும் குறைவு. அவன் வந்த விமானம் அதே வேகத்தில் இன்னும் இருபது நிமிடம் பறந்திருந்தால் வீட்டுக் கூரைக்கு மேலே வந்திருக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவனுக்கு வன்னிக்குள் போக அனுமதி வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி ஓர் அலுவலகத்துக்கு நடந்தான். மூன்று கிழமை நடந்தான். தாய் மௌத்தானாள். வந்து கொள்ளி வைத்தவன் பக்கத்து வீட்டுப் பெறாமகன். மகன் கொழும்பிலிருந்தே திரும்பிப் போனான்.

அவன் எப்படியோ உள்ளே போயிருந்தாலும் கதை முடிந்திருக்காது. வெளியே வருவதற்கு மறுபக்கத்தில் ஒரு பாஸ் வேண்டும். அதைத் தருகிறவர்கள் அந்த வருடங்களில் யாரையும் லேசில் வெளியே விடுவதில்லை. போகிறவனுக்காகப் பிணை நிற்க ஆள் கேட்டார்கள். ஒரு பக்கம் உள்ளே போக விடவில்லை, மறுபக்கம் வெளியே வர விடவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழிக்கச் சண்டை பிடித்தாலும் இந்த ஒரு காரியத்தில் கூட்டாகத்தான் வேலை செய்தன.

இதை நான் 2010இல் கேட்டுவிட்டுக் கொதித்துப்போய் ஏதோ சொன்னேன். மாஸ்டர் அமைதியாக இருந்தார். பிறகு சொன்னார்: “தம்பி, சண்டைக் காலத்தில நடந்ததுக்கு ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது? மாரி பெய்ஞ்சா அக்கராயன் றோட்டு வெட்டுப்படும். கிளிநொச்சிக்குப் போற பஸ் நிண்டிடும். மழையைக் கோவிச்சு என்ன செய்யிறது? அதுமாதிரித்தான்.”

மழை என்ற இந்தச் சொல்லை அவர் பதினைந்து வருடமாக விடவில்லை. நானும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மழை ஆளைப் பார்த்துப் பெய்வதில்லை. ஓமந்தையில் பெய்தது ஆளைப் பார்த்துத்தான். வன்னிக்கும் தெற்குக்கும் போய்வந்த வாகனங்கள் முழுக்காலமும் இருந்தன. சிலருக்கு அந்தப் பாதை மூன்று மணித்தியாலம், சிலருக்கு மூன்று நாள், சிலருக்கு இல்லவே இல்லை. யாருக்கு எது என்று எங்கோ ஒரு மேசையில் தீர்மானமாயிற்று. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானத்தை நினைத்துப் பார்க்கிறேன். நேர்கோட்டில் 330 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துப் பிரயாணம். மன்னார்க் கடலுக்கு மேலே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. ஐம்பத்தைந்து பேரில் ஒருவரும் தப்பவில்லை. பெரும்பாலோர் தமிழர்கள். தரை வழி அடைபட்டிருந்ததால் கடல் மேலாகப் போனவர்கள். அந்த விமானத்தை மழை விழுத்தியது என்று எவரும் சொல்லமாட்டார். உயிரை எடுத்தால் அதற்கு ஓர் ஆள் இருக்கிறான் என்கிறோம்; உயிரின் ஒரு துண்டை, மூன்று கிழமையை, பன்னிரண்டு வருடத்தை எடுத்தால் மட்டும் அது காலநிலையாகிவிடுமா?

பன்னிரண்டு வருடம் என்றது என் கணக்கு. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் இருநூறு கிலோமீற்றர் வராது. 1990 ஒக்டோபரில் விட்ட ஊரை நான் திரும்பக் கண்டது, 2002 ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 பாதை திறந்தபின்னர்தான்.

இந்த இடத்தில் நம்முடைய கிதாபுகளின் பக்கம் கொஞ்சம் போகவேண்டியிருக்கிறது. தூரமா நேரமா என்ற கேள்வியைப் புகைவண்டியும் விமானமும் வருவதற்கு அறுநூறு, எழுநூறு வருடம் முன்பே நம் இமாம்கள் கேட்டுவிட்டார்கள். பயணி தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது சட்டம். எவ்வளவு போனால் பயணி? நம் பக்கத்து மத்ரஸாக்களில் ஓதப்படும் நவவி இமாமின் மின்ஹாஜில் ஷாபிஈ மத்ஹபின் விடை இருக்கிறது: நாற்பத்தெட்டு மைல், அதாவது இரண்டு மர்ஹலா. கடலில் ஒரு மணித்தியாலத்தில் அந்த மைல்களைக் கடந்துவிட்டாலும் அவன் பயணிதான் என்று இமாம் சேர்த்துச் சொல்கிறார். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எந்தக் கப்பல் ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்தெட்டு மைல் ஓடியது? ஓடவில்லை. ஆனால் ஓடக்கூடும் என்று நினைத்துப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அந்த வரியை முதலில் ஓதியபோது எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் விமானத்தில் கஸ்ர் உண்டா என்று கேட்பவருக்கு அதுதான் பதில்.

இதைக் கேட்டதும் மாஸ்டர் வென்றுவிட்டதாக நினைத்தார். “பாத்தீரோ, உங்கட சமயத்திலயும் தூரம்தான் கணக்கு, நேரம் இல்லை.” அவசரப்படாதீர்கள் சேர் என்றேன். இரண்டு மர்ஹலா என்பதை அளக்கும் கோல் என்ன தெரியுமா? சுமையேற்றிய மிருகங்களின் நடை. குதிரை வீரனின் வேகத்தையோ தபால்காரனின் வேகத்தையோ சட்டம் அளவுகோலாகக் கொள்ளவில்லை. பாரம் தூக்கியவன் இரண்டு நாளில் நடக்கும் தூரம்தான் எல்லோருக்கும் அளவு. வேகமானவனுக்கும் அந்தச் சலுகை உண்டு. ஆனால் அளவு சுமந்தவனை வைத்துத்தான்.

அதே பக்கத்தில் இன்னொரு சட்டம் இருக்கிறது. ஓர் ஊருக்குப் போகக் குறுக்குவழியும் சுற்றுவழியும் இருந்து, ஒருவன் சுற்றுவழியில் போனால் எந்தத் தூரத்தைக் கணக்கெடுப்பது? சும்மா, தொழுகையைச் சுருக்குவதற்காகவே சுற்றினான் என்றால் சலுகை இல்லை. பாதுகாப்பு போன்ற ஒரு காரணத்துக்காகச் சுற்றினான் என்றால் அவன் சுற்றிய தூரமே அவனுடைய தூரம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எழுபது கிலோமீற்றர் வராது. கஸ்ருக்கே போதாத தூரம். 1996க்கும் 2002க்கும் இடையில் வன்னியில் இருந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் உள்ள தன் சகோதரியைப் பார்க்க நினைத்தால், பாஸ் எடுத்து, தெற்கே வவுனியாவுக்கு வந்து, அங்கே அனுமதிக்குக் காத்திருந்து, திருகோணமலைக்குப் போய்க் கப்பலேற வேண்டும், அல்லது கொழும்புக்குப் போய் விமானமேற வேண்டும். வடக்கே போகத் தெற்கே நடக்கவேண்டும். படத்தைப் பார்த்து “எழுபது கிலோமீற்றர்தானே” என்று சொல்பவனுக்கு மின்ஹாஜ் ஒத்துவராது. ஏன் சுற்றினாய் என்று கேட்காமல் எத்தனை கிலோமீற்றர் என்று மட்டும் கேட்டால் பதில் பிழைத்துவிடும் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இடம்பெயர்ந்தவனுக்கும் அங்கே இடமுண்டு. ஒரு காரியம் இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று எதிர்பார்த்து ஓர் ஊரில் தங்குகிறவன், முடிந்த உடனே புறப்படும் எண்ணத்தோடு இருந்தால், பதினெட்டு நாள் வரை பயணி. அதற்குப் பிறகு ஊர்க்காரனைப் போல முழுதாகத் தொழவேண்டும். ஹனபி மத்ஹபில் இந்த வரம்பு இல்லை. நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்றிருப்பவன் வருடக்கணக்கானாலும் பயணிதான். இப்னு உமர் (ரழி) அவர்கள் அஸர்பைஜானில் பனி வழியை மறித்ததால் ஆறு மாதம் தங்கி, ஆறு மாதமும் சுருக்கித் தொழுதார்கள் என்ற செய்தியும் இருக்கிறது.

1990 நவம்பரில் புத்தளத்தில் தென்னந்தோட்டத்துக் கொட்டிலுக்குள் இருந்த பெரியவர்கள் ஒரு மௌலவியிடம் கேட்ட முதல் மார்க்கக் கேள்வி இதுதான். நாங்கள் முஸாபிரா? ஆம் என்றார். லுஹரும் அஸரும் இஷாவும் இரண்டு இரண்டு ரக்அத்தாயின. கிழமைக்குக் கிழமை ‘அடுத்த கிழமை போய்விடுவோம்’ என்ற பேச்சு. பதினெட்டாம் நாள் கழிந்தது. அடுத்த நாள் லுஹரில் இமாம் இரண்டாவது ரக்அத்தில் ஸலாம் கொடுக்காமல் மூன்றாவதற்கு எழுந்து நின்றார். யாரும் எங்களிடம் ஒன்றும் அறிவிக்கவில்லை. அந்த எழுந்து நிற்றலில்தான், ஊருக்கு இப்போதைக்குப் போகப்போவதில்லை என்பதைச் சிறுவனாயிருந்த நான் விளங்கிக்கொண்டேன். என் வாப்பா தொழுது முடித்தபின்னும் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. யுத்தத்தைப் பற்றி யார் என்ன எழுதினாலும் எனக்கு அந்த மூன்றாவது ரக்அத்துத்தான் வருகிறது.

இனிக் கடன் விஷயம். மார்க்கத்தில் அல்லாஹ்வுடைய ஹக்கு ஒன்று, அடியானுடைய ஹக்கு ஒன்று. முன்னதை அவன் நாடினால் மன்னிப்பான். அடியானுடைய ஹக்கு அப்படியல்ல. எடுத்தவன் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது உரியவனிடம் போய் ஹலாலாக்கிக் கேட்கவேண்டும். பொருளென்றால் திருப்பலாம். எங்கள் வீட்டு நகையைத் திருப்பலாம், காணி உறுதியைத் திருப்பலாம். மூன்று கிழமையை எப்படித் திருப்புவது? மாஸ்டரின் மனைவியினுடைய கடைசி இருபது நாளை எந்த அரசாங்கம் எந்த நஷ்டஈட்டு விண்ணப்பத்தில் எழுதும்? திருப்ப முடியாத பொருளுக்கு மிஞ்சுவது ஒன்றே: எடுத்தேன் என்று ஒருவன் வந்து சொல்வது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைமையும் முஸ்லிம் காங்கிரஸின் தலைமையும் உட்கார்ந்து, வடக்கு முஸ்லிம்கள் திரும்பி வருவது பற்றி உடன்படிக்கை ஒன்று எழுதினார்கள். நல்லது. ஆனால் உடன்படிக்கை அமைப்புக்கும் கட்சிக்கும் இடையிலானது. ஹக்கு ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலானது.

எல்லாத் தாமதமும் அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது நபிமொழி. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பலாலியிலிருந்து சென்னைக்கு நவம்பரில் தொடங்கிய விமானம் 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. அதற்காக நான் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கதவு எல்லோருக்கும் மூடியது, காரணத்தைச் சொல்லி மூடியது. (2022 டிசம்பர் வரை அது திறக்காதது வேறு கதை.) காரணம் சொல்லாமல், ஆளைப் பார்த்து மூடும் கதவைப் பற்றித்தான் என் வழக்கு.

மாஸ்டர் ஏன் மழையை விடமாட்டேன் என்கிறார் என்பதை விளங்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன. 1990இல் எங்கள் தெருவில் ஒலிபெருக்கியோடு வந்த பொடியன்களில் ஒருவன் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவன். மாஸ்டரின் மாணவன். கணக்கில் கெட்டிக்காரன், அவருக்கு மிகவும் பிடித்தவன். 2009இல் அவனும் போய்விட்டான். ஒருமுறை பேச்சு வாக்கில் அவனுடைய பெயரை நான் சொன்னபோது மாஸ்டர் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. தன் மனைவியின் இருபது நாளுக்கு ஆள் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டால் என்னுடைய பன்னிரண்டு வருடத்துக்கும் ஆள் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அந்த ஆளுக்கு அவர் கையால் எண் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மழை என்று சொன்னால் கொழும்பு அலுவலகத்து அதிகாரியும் தப்பிவிடுகிறான், செத்துப்போன மாணவனும் தப்பிவிடுகிறான். ஒருவனைக் காப்பாற்றுவதற்காக எல்லோரையும் விடுவிக்கிறார்.

அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அந்த நண்பனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்; அவனுடைய கப்றில்லாத மரணத்தைக் கேள்விப்பட்ட இரவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்தான் என்பதால்தான் அதை மன்னிக்க முடிந்தது. அவன் மழை என்றால், காலத்தின் கையில் ஒரு கருவி என்றால், அங்கே மன்னிக்க ஒருவனும் இல்லை. நான் மன்னித்ததும் வெறும் பேச்சு. வெளியேற்றப்பட்டவனிடம் வீடில்லை, காணியில்லை, பன்னிரண்டு வருடமில்லை. ஹலாலாக்கிவிடும் உரிமை ஒன்றுதான் அவன் கையில் மிஞ்சியிருந்தது. ‘எல்லாம் யுத்தம் செய்தது’ என்று சொல்கிறவர்கள், எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும், அதையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம் அரசியல்வாதிகள் மேடைகளில் இதே சொல்லை நல்ல மனது இல்லாமலும் சொல்கிறார்கள் என்பதை ஓர் ஓரமாகக் குறித்துவைக்கிறேன்.

மாஸ்டரிடம் இவ்வளவையும் இப்படிச் சொன்னதில்லை. பாதி சொல்லியிருக்கிறேன்.

2023இல் மகன் தன் மகளோடு வந்திருந்தான். ரொறொன்ரோவிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து பலாலி. கடைசித் துண்டு 355 கிலோமீற்றரளவு. இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. பலாலியிலிருந்து வானில் ஸ்கந்தபுரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குமேல் ஆகவில்லை. ஓமந்தையும் முகமாலையும் அந்தப் பிள்ளைக்கு வெறும் பெயர்ப்பலகை. நானும் புத்தளத்திலிருந்து போயிருந்தேன். முற்றத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தபோது வழக்கைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

“அண்ணை, அந்த மூண்டு கிழமையும் ஒருத்தரும் என்னோட கத்தேல்லை. ஒரு கிளார்க் இருந்தவர், வயசாளி. ஒவ்வொரு நாளும் கதிரை தந்து இருக்கச் சொல்லுவார். பிறகு நாளைக்கு வாங்கோ எண்டுவார். அம்மா புதன்கிழமை செத்தவ. எனக்குச் செய்தி வந்தது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையும் நான் அங்க போய் அந்தக் கதிரையில இருந்தனான். அவருக்கு அது தெரியாது. எனக்கு அவரில கோவம் இல்லை. ஆனா அவருக்கு அது தெரியவேணும் எண்டு நினைக்கிறனான்.”

மாஸ்டர் பேத்தியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அந்தக் கிளார்க் இப்போது பென்ஷன் எடுத்திருப்பார் என்று மட்டும் சொன்னார். பிறகு, சுற்றுவழியில் போனவனுக்குச் சுற்றிய தூரமே கணக்கு என்று உங்கள் கிதாபில் இருப்பதாகச் சொன்னீரே, அதை அடுத்த முறை வரும்போது தமிழில் எழுதிக்கொண்டு வாரும் என்றார். கணக்கு வாத்தியாருக்கு அது பிடித்திருந்தது போலும். எழுதி வைத்திருக்கிறேன், மாரி விட்டதும் போகவேண்டும்.